நீரில் இறங்கும் உடை: மலை ஓடைக்கு ஒன்று, கண்மாய்க்கு வேறொன்று

பாதத்திலிருந்து மார்பு வரை உடலை ஒரே துண்டாக மூடி, தோள்பட்டையில் வாரால் மாட்டிக்கொள்ளும் நீர்புகாக் காற்சட்டையை வேடர்ஸ் என்கிறார்கள். ஓடையிலோ குளத்திலோ இறங்கி நெடுநேரம் நிற்பவர் நனையாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்க உருவான உடை இது. மேலை நாடுகளில் இதை அதிகம் வாங்குபவர்கள் ஃப்ளை ஃபிஷிங் என்னும் தூண்டில் முறையில் ஈடுபடுபவர்கள். இறகையும் நூலையும் மயிரையும் முள்ளில் சுற்றிக் கட்டிப் பூச்சியைப் போலச் செய்வார்கள். எடையே இல்லாத அந்தப் பூச்சியைத் தூரத்துக்கு எறிய முடியாது. அதனால் கனமான தூண்டில் நூலையே வீசி, அதன் போக்கில் பூச்சியை நீர்மேல் இறக்குவார்கள். வீசும்போது நூல் முதலில் முதுகுக்குப் பின்னால் நீண்டு பறந்துவிட்டுத்தான் முன்னால் வரும். கரையோரப் புதரும் மரக்கிளையும் அதற்கு இடம் தருவதில்லை. ஆகவே தூண்டில்காரர் ஓடையின் நடுவில் போய் நிற்கிறார். அங்கே அவருக்கு வேடர்ஸ் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்த உடைக்கு இயல்பான இடம் நீலகிரி. அங்குள்ள ஓடைகளில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனை வளர்க்க 1863இல் முயன்றவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராக இருந்த அவர், இந்திய மீன்களைப் பற்றிப் பின்னாளில் பெரிய நூலை எழுதியவர். அவருடைய முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகத்தையும் ஏற்படுத்தினார். மீன் அந்த மலையில் நிலைபெற்றது. இந்த மீனுக்கு 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையிலான நீர் ஒத்துப்போகும். 21 டிகிரியைத் தாண்டினால் அது திணறும். 25 டிகிரியை ஒட்டினால் பெரும்பாலும் செத்துப்போகும். அப்படிப்பட்ட குளிர்நீரில் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு நின்றால் மனிதனுக்குக் கால் மரத்துவிடும். ட்ரவுட்டும் வேடர்ஸும் உலகெங்கும் சேர்ந்தே போவதற்குக் காரணம் இந்தத் தண்ணீரின் குளிர்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் நிலை இதற்கு நேர்மாறு. நிலம் தட்டை, நீர் வெதுவெதுப்பு, ஆண்டின் பெரும்பகுதி வெயில். ஆனால் நீரில் இறங்கி மீன் பிடிக்கும் பழக்கம் நீலகிரியைவிட இங்கே எத்தனையோ மடங்கு அதிகம். ஆயிரக்கணக்கான கண்மாய்களும் குளங்களும் கொண்ட மாவட்டம் இது. கிழக்கே கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று ஆழமற்ற பாக் விரிகுடாவின் கரை நீள்கிறது. வேடர்ஸ் இங்கே யாருக்காவது உதவுமா, எந்த வகை உதவும், உதவாத இடத்தில் எதை அணிவது என்ற கேள்விகளுக்கு விளம்பரங்களில் விடை கிடைக்காது. அந்த உடை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் விடை தானாகவே புலப்படும்.

முதலில் வந்த வேடர்ஸ் ரப்பர் பூசிய துணியால் ஆனவை. சார்லஸ் மெக்கின்டாஷ் 1823இல் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டி நீர்புகாத் துணி செய்யக் காப்புரிமை பெற்ற பிறகு இவை சாத்தியமாயின. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வராது. ஆனால் உள்ளே சுரக்கும் வியர்வையும் வெளியே போகாது. அரை நாள் நின்றவர் ஓடை நீரில் நனையாமல் தன் வியர்வையிலேயே நனைந்து கரையேறுவார். இன்று மலிவாகக் கிடைக்கும் பி.வி.சி. பூசிய வேடர்ஸுக்கும் இதே குறை உண்டு. பின்னர் வந்த நியோப்ரீன் 1930களில் டூபான்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை ரப்பர். அதை நுரையாக்கித் தடித்த தாளாக்கினால் குளிரை நன்றாகத் தடுக்கும். பனி உறையும் நாடுகளில் வாத்து வேட்டையாடுபவர்களுக்கு அது ஏற்றது. வியர்வையைப் பொறுத்தவரை அதுவும் மூடிய பெட்டிதான்.

திருப்பம் 1969இல் வந்தது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் எனப் பொதுவாக அறியப்படும் பி.டி.எஃப்.இ. கம்பிகளைச் சூடாக்கி மெதுவாக இழுத்து நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் அறுந்துகொண்டே இருந்தது. ஒரு கம்பியை வெடுக்கென்று இழுத்தபோது அது அறுபடாமல் பல மடங்கு நீண்டது. நீண்ட பொருளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருந்தன. அதை மெல்லிய சவ்வாக்கித் துணியோடு ஒட்டியதுதான் 1976இல் சந்தைக்கு வந்த கோர்டெக்ஸ். அந்தச் சவ்வில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 900 கோடி துளைகள் இருப்பதாக அதைத் தயாரிக்கும் கோர் நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு துளையும் நீர்த்துளியைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிட 700 மடங்கு பெரியது என்பது அதன் கணக்கு. நீர்த்துளி நுழைய முடியாது. வியர்வை ஆவியாகிவிட்டால் வெளியேறலாம். துளையே இல்லாத பாலியூரித்தேன் சவ்வுகளும் உண்டு. அவை நீராவியைத் தம் மூலக்கூறுகளுக்குள் உறிஞ்சி மறுபுறம் விடுகின்றன. விலை குறைந்த வேடர்ஸில் பெரும்பாலும் இருப்பது இந்த வகைதான்.

இந்தச் சவ்வு வியர்வையைத் தானாகத் தள்ளுவதில்லை. உடைக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள நீராவி அழுத்தத்தின் வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஆவி வேகமாகப் போகும், குறைந்தால் மெதுவாகும், வித்தியாசமே இல்லாவிட்டால் உலகின் மிக விலை உயர்ந்த சவ்வும் ரப்பர் தாளாகிவிடும். வியர்த்த தோலின் வெப்பநிலை 34 டிகிரி என்று கொண்டால் அங்குள்ள ஆவியழுத்தம் சுமார் 5.3 கிலோ பாஸ்கல். நீலகிரியில் 15 டிகிரிக் குளிரில் ஈரம் நிறைந்த காற்றின் ஆவியழுத்தம் 1.7. வித்தியாசம் 3.6. பாக் விரிகுடாக் கரையில் 30 டிகிரியில் புழுங்கும் காற்றின் ஆவியழுத்தம் 4.2 வரை போகலாம். அப்போது வித்தியாசம் 1.1 மட்டுமே. அதே உடை, அதே மனிதர். ஆனால் ஆவியைத் தள்ளும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீரில் மூழ்கிய பகுதியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சவ்வின் வெளிப்புறம் முழுக்க நீர். உள்ளே வரும் ஆவி குளிர்ந்த துணியின் உட்புறத்தில் பட்டுத் துளியாகித் தேங்கும். ஆவி நன்றாக வெளியேறுவது நீருக்கு மேலே உள்ள பகுதியில்தான். கரையேறி நடக்கும்போதும் வெளியேறும்.

பெட்டியில் அச்சிட்ட எண்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவியை விடும் என்பது ஓர் எண். 10,000 என்று போட்டிருந்தால் அது மணிக்குச் சுமார் 415 கிராம் ஆகிறது. ஒரு வேடர்ஸ் மூடும் பரப்பும் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர்தான். கடும் வெயிலில் உழைப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கும். அதாவது ஆய்வுக்கூடத்துச் சாதகமான நிலையிலேயே அந்தத் துணியால் வியர்வையில் பாதியைக்கூட வெளியேற்ற முடியாது. வெப்பக் கரையில் அது இன்னும் பல மடங்கு குறையும். போதாக்குறைக்கு இந்த எண்ணை அளக்கப் பல சோதனை முறைகள் இருக்கின்றன. ஒன்றில் 20,000 வாங்கிய துணி இன்னொன்றில் அதில் பாதியைக்கூட வாங்காது. எந்த முறை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் காட்டும் நிறுவனத்தை நம்பிப் பணம் கொடுப்பது சரியல்ல.

மற்றோர் எண் நீரின் அழுத்தத்தைத் துணி எவ்வளவு தாங்கும் என்பது. 10,000 மில்லிமீட்டர் என்றால் 10 மீட்டர் உயர நீர்த்தூணைத் தாங்கும் என்று பொருள். மார்பளவு நீரில் நிற்பவரின் பாதத்தில் உள்ள அழுத்தம் 1,300 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் இது மிகையாகத் தோன்றலாம். முழங்காலை ஊன்றிக் குனியும்போதும் ஈரப் பாறையில் உட்காரும்போதும் உடலின் எடை சிறிய பரப்பில் குவிந்து அழுத்தம் பல மடங்காகிறது. கசிவு தொடங்குவதும் அங்கேதான். ஆகவே 10,000க்குக் குறைந்ததை வாங்காமலிருப்பது நல்லது.

புதுக்கோட்டையில் மாசி, பங்குனியில் தொடங்கி வைகாசி வரை கண்மாய்கள் வற்றும் பருவத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல் பகுதிக் கிராமங்களில் விடியற்காலையிலேயே சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் கண்மாய்க் கரையில் திரண்டுவிடுவார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா, கச்சா, வலை என்று ஆளுக்கொரு கருவி இருக்கும். ஊத்தா என்பது அடியில் அகன்று மேலே குறுகி இரண்டு பக்கமும் திறந்திருக்கும் கூடை. மீன் இருக்கும் இடத்தில் சடாரென அமிழ்த்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு உள்ளே சிக்கியதை எடுப்பார்கள். கிடைப்பது விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி, கட்லா. யாருக்குக் கிடைத்தாலும் அது அவர்கள் வீட்டுக் குழம்புக்கு, விற்பனைக்கு அல்ல.

இங்கே வேடர்ஸ் அணிந்து இறங்குவது பெரும் தவறாகிவிடும். தண்ணீர் முழங்கால் முதல் தொடை வரைதான் இருக்கும். அடியில் சேறு. சேற்றில் புதைந்த பாதத்தை உருவும்போது அகன்ற துணிக்கால் காற்றையும் நீரையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஓரடி எடுத்துவைப்பதற்கு நான்கடிக்கான உழைப்பு ஆகும். வெப்பமும் சேர்ந்துகொள்ளும். வெறும் காலோடு 30 டிகிரி நீரில் நிற்பவருக்கு அந்த நீரே குளிர்ச்சி தருகிறது, ஏனெனில் அவருடைய தோல் அதைவிடச் சூடானது. காற்றைவிட நீர் பல மடங்கு விரைவாக உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். நனைந்த வேட்டியும் கைலியும் மேலே காய்ந்துகொண்டே இருப்பதால் அங்கும் உடல் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பம் உடலை விட்டுப் போகும். மார்பு வரை மூடிய உடைக்குள் அந்த ஆவியாதல் தடைபடும். சித்திரை வெயிலில் கண்மாய் நடுவில் ஒருவருக்கு மயக்கம் வர இது போதும். கைலியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கும் கண்மாய்க்காரரின் பழக்கம் வேறு வழியில்லாததால் வந்த ஒன்று அல்ல. அந்த நீருக்கும் அந்த வெயிலுக்கும் ஏற்ற தேர்வு அது. உலகின் வெப்பப் பகுதிகளில் தூண்டில் போடும் அனுபவசாலிகளும் இதையே செய்கிறார்கள். வேடர்ஸை வீட்டில் வைத்துவிட்டு, சீக்கிரம் காயும் மெல்லிய காற்சட்டையோடு இறங்கி நனைகிறார்கள்.

ஆனால் அந்தப் பழக்கத்தில் பாதம் விடுபட்டுப்போகிறது. கண்மாய்க்குள் இறங்குபவருக்கு உண்மையான ஆபத்து தொடையிலோ இடுப்பிலோ இல்லை, உள்ளங்காலில் இருக்கிறது. புதுக்கோட்டைக் கண்மாய்களின் உட்பரப்பைச் சீமைக் கருவேலம் பரவலாகப் பிடித்திருக்கிறது. வெட்டிப்போட்ட கிளையின் முள் சேற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடக்கும். மெல்லிய ரப்பர் செருப்பையும் துளைக்கும். உடைந்த கண்ணாடிப் புட்டிகள் இன்னொரு தொல்லை. மீன்களில் தேளி மிகவும் பொல்லாதது. கருத்து ஒல்லியான அந்த மீனின் பக்கத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும். கெளுத்தி முள்ளும் வலியும் வீக்கமும் தரும். நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவருக்கு விரலிடுக்கில் தோல் வெந்து சேற்றுப்புண் வரும். காலில் கீறல் இருந்து, எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நின்றால் எலிக்காய்ச்சலுக்கும் வாய்ப்புண்டு.

ஆகவே இங்கே செலவழிக்க வேண்டிய பணத்தைக் காலணியில் போடுவதே அறிவு. தேட வேண்டியது, கணுக்காலைத் தாண்டி ஏறி நாடாவால் இறுகக் கட்டக்கூடிய, அடிப்புறம் தடித்த, பக்கவாட்டில் நீர் வடியத் துளைகள் உள்ள காலணி. உள்ளே நியோப்ரீன் காலுறை அணிந்தால் மணலும் சிறு கல்லும் உராய்ந்து புண்ணாக்காது. கம்பூட் நீர்மட்டம் அதன் வாய்க்குக் கீழே இருக்கும்வரை நல்லது. தாண்டிவிட்டால் நீர் நிரம்பிக் காலைவிட்டே வராது. ஆழமான சேற்றில் எந்தக் காலணியும் கழன்றுவிடக்கூடும் என்பதால், அங்கே கரையோரமாக நின்று வலை வீசுவதே பாதுகாப்பு.

தூண்டிலிலும் இடத்துக்கேற்ற முறை வேண்டும். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் சென்னை மாகாண ஆட்சிப் பணி அதிகாரி 1873இல் இந்திய ஆற்றுத் தூண்டிலைப் பற்றி ஒரு நூலை எழுதினார். குளத்துத் தூண்டிலுக்கென்று 1887இல் தனியாக இன்னொரு நூலை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆற்றையும் குளத்தையும் ஒரே முறையில் அணுக முடியாது என்பது அன்றே தெரிந்த செய்தி. கண்மாய் விராலைத் தூண்டிலில் பிடிக்க நீரில் இறங்கவே வேண்டியதில்லை. விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. அடிக்கடி மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கும். கரையில் நின்று அந்தச் சலசலப்பைக் கவனித்து, அதன் அருகே செயற்கைத் தவளையையோ இறகுப் பூச்சியையோ இறக்கினால் போதும்.

கடலோரத்தில் கணக்கு சற்று மாறும். பாக் விரிகுடாவின் இந்தப் பகுதியில் கரையிலிருந்து வெகுதூரம் வரை இடுப்பளவு நீர்தான். நண்டுக்கும் மீனுக்கும் நடந்தே போகலாம். இங்கே பெரிய பயம் திருக்கை. மணலுக்குள் பதுங்கிக் கிடக்கும் அதன்மேல் கால் வைத்தால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும். அந்த முள் வேடர்ஸையும் நியோப்ரீனையும் மெல்லிய காலணியையும் துளைத்துவிடும். எந்த உடையும் தராத பாதுகாப்பை நடை தருகிறது: காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தால் அதிர்வு உணர்ந்து திருக்கை விலகிப்போகும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூடுள்ள நீரில், அதாவது 45 டிகிரிக்கு மேற்படாத நீரில், ஒரு மணி நேரம் போலக் காலை வைத்திருந்தால் வலி குறையும். கெளுத்தி, தேளி முள்ளுக்கும் இது உதவும். முள் உடைந்து உள்ளே தங்கியிருந்தாலோ காயம் ஆழமாக இருந்தாலோ மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

தேய்த்து நடப்பது வெறும் மணலில் மட்டும் சரி. கடற்புல் படுகையில் அப்படி நடந்தால் புல் வேரோடு பெயர்ந்துவிடும். கடற்பசு மேயும் படுகைகள் இவை. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. புல் தென்படும் இடத்தைச் சுற்றிப் போவதே முறை. முத்துக்குடா அலையாத்திக் காட்டுப் பக்கம் சேறு ஆழம் என்பதால் அங்கே நடந்து போவதைவிடப் படகே நல்லது.

வேடர்ஸ் உண்மையிலேயே பயன்படும் சில இடங்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் விடியுமுன் நீரில் நின்று வேலை செய்பவருக்கு அது குளிரைத் தடுக்கும். இறால் பண்ணைக் குளத்தில் இறங்கிச் சகதியைக் கிளறுபவர், கழிவு கலந்த நீரில் இறங்க நேர்பவர் ஆகியோருக்குத் தோலில் நீர் படாமல் இருப்பதே முதல் தேவை, வியர்வை இரண்டாம்பட்சம். அவர்களுக்கு ஆவி கடக்கும் விலை உயர்ந்த சவ்வு அவசியமே இல்லை. நச்சு நீரில் அந்தச் சவ்வைவிடத் தடித்த பி.வி.சி. நம்பகமானது, கழுவித் துடைப்பதும் எளிது. ஆனால் அரை மணிக்கொருமுறை நிழலில் இளைப்பாறி, தோள்வாரைக் கழற்றி உடையை இடுப்புக்கு இறக்கி, தண்ணீர் குடிக்க வேண்டும். வேலைக்கு அமர்த்துபவர் இந்த ஓய்வைக் கூலியோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நீலகிரிக்கோ, மூணாறுக்கோ, இலங்கையின் நுவரெலியாவுக்கோ, வேறு வெளிநாட்டுக்கோ தூண்டிலோடு போகிறவர்தான் ஆவி கடக்கும் வேடர்ஸைத் தேட வேண்டியவர். அமெரிக்கச் சந்தையில் நல்லவை பல நூறு டாலருக்கு விற்கின்றன. இவ்வளவு பணத்துக்கு எதைப் பார்ப்பது? சவ்வின் பெயரைவிடத் துணி எத்தனை அடுக்கு என்பது முக்கியம். இடுப்புக்கு மேல் மூன்று அடுக்கும், கல்லும் முள்ளும் உரசும் முழங்காலிலும் அதற்குக் கீழேயும் நான்கு அல்லது ஐந்து அடுக்கும் இருந்தால் நெடுநாள் உழைக்கும். நூலின் தடிமனை டெனியரில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர். எண் கூடினால் உறுதி கூடும், எடையும் கூடும்.

வேடர்ஸ் பெரும்பாலும் முதலில் பழுதாவது துணியில் அல்ல, தையலில். நடக்கும்போது தொடையும் தொடையும் உரசும் உட்பக்கத்தில் தையல் ஓடினால் அங்கே தையலை மூடும் ஒட்டுநாடா சீக்கிரம் பெயரும். கால் தையலை முன்னாலோ பின்னாலோ தள்ளி அமைத்திருப்பதை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அடுத்தது பாதம். காலணியோடு ஒட்டியே வருவது ஒரு வகை. நியோப்ரீன் காலுறையில் முடிந்து, மேலே தனிக் காலணி போட்டுக்கொள்வது இன்னொன்று. முதலாவதைப் போடுவதும் கழற்றுவதும் எளிது, பாறையில் பிடிமானம் குறைவு. வழுக்குப் பாறை ஓடைக்கு இரண்டாவதுதான். அந்தக் காலணியின் அடியில் முன்பு ஃபெல்ட் என்னும் அழுத்திய இழைத்துணியை ஒட்டுவார்கள். ஈர ஃபெல்ட்டில் அயல் பாசியும் நுண்ணுயிரும் தங்கி ஓர் ஓடையிலிருந்து இன்னோர் ஓடைக்குப் போவதால் நியூசிலாந்து 2008இல் அதைத் தடை செய்தது. ரப்பர் அடியும் உலோகக் குமிழ்களும் உள்ளவை இப்போது பரவலாகக் கிடைக்கின்றன.

அளவு பார்ப்பதற்கு நின்று கண்ணாடி பார்ப்பது போதாது. குளிருக்கு உள்ளே அணியப்போகும் துணியோடு உடுத்தி, குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். ஒரு காலை நாற்காலிமேல் வைத்து ஏற வேண்டும். இடுப்போ முழங்காலோ இழுத்துப் பிடித்தால் தையல் சில மாதங்களில் விட்டுவிடும். துணி மிகத் தளர்ந்திருந்தால் நீரோட்டம் அதைப் பிடித்து இழுக்கும். இந்தியர் பலருக்குக் கால் நீளமும் இடுப்புச் சுற்றளவும் மேலை நாட்டு அளவு அட்டவணையோடு ஒத்துவருவதில்லை. குட்டைக் கால், அகன்ற இடுப்பு என்று தனி அளவு வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேடுவது பலன் தரும். உள்ளே பருத்தி அணியக் கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலைச் சில்லிட வைக்கும். செயற்கை நூலோ மெல்லிய கம்பளியோ அணிந்தால் ஈரம் சவ்வுவரை போய்ச் சேரும்.

இடுப்புப் பட்டை இல்லாமல் வேடர்ஸோடு நீரில் இறங்கவே கூடாது. கால் தவறி விழுந்தால் உள்ளே நுழையும் நீரின் அளவை அந்தப் பட்டைதான் கட்டுப்படுத்தும். உள்ளே நிரம்பிய நீர் ஆளை அடியில் இழுத்துவிடும் என்ற அச்சம் பரவலாக உண்டு. நீருக்குள் நீருக்கு எடை தெரியாது என்பதால் அது முழுக்கச் சரியல்ல. ஆனால் நீந்த முடியாமல் போவதும், கரையேறும்போது அத்தனை லிட்டரின் எடையும் காலில் தொங்குவதும் உண்மை. ஓட்டமுள்ள நீரில் விழுந்தவர் மல்லாந்து, பாதத்தை ஓட்டத்தின் திசையில் நீட்டி, கரையை நோக்கி மெல்லத் துழாவிப் போக வேண்டும். தோள்வாரின் கொக்கி ஒரே இழுப்பில் கழலக்கூடியதா என்று கடையிலேயே சோதித்துவிடுவது நல்லது.

வாங்கிய பிறகு தமிழ்நாட்டு வானிலைதான் வேடர்ஸின் பெரிய பகை. பாலியூரித்தேன் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தானாகவே சிதையும். மடித்துப் பையில் போட்டு அலமாரியில் வைத்தால் இரண்டொரு ஆண்டில் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். நேரடி வெயிலில் காயப்போட்டால் நியோப்ரீனும் ஒட்டுநாடாவும் வீணாகும். கடல்நீரில் பயன்படுத்தினால் அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்புப் படிகம் துணியை அறுக்கும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில், காற்றோட்டத்தில், இரண்டு பக்கமும் முழுக்கக் காய்ந்த பிறகு தொங்கவிட்டு வைப்பதுதான் முறை.

வெளித்துணியில் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடாமல் படர்ந்து ஊறினால் மேற்பூச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். ஊறிய துணி சவ்வின் வழியை அடைத்துவிடும். கடையில் கிடைக்கும் தெளிப்பானால் பூச்சைப் புதுப்பிக்கலாம். பழைய பூச்சுகளில் இருந்த ஃப்ளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவதால் உற்பத்தியாளர்கள் இப்போது அவற்றைக் கைவிட்டுவருகிறார்கள். கோர் நிறுவனமும் 2022இல் பாலிஎத்திலீன் அடிப்படையிலான புதிய சவ்வை அறிமுகப்படுத்தியது. புதிதாக வாங்குகிறவர் ஃப்ளூரின் இல்லாததைக் கேட்டு வாங்கலாம்.

ஊசித்துளையைக் கண்டுபிடிக்க, உட்புறம் திருப்பிய துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தெளித்தால் கோர்டெக்ஸ் வகையில் துளை உள்ள இடம் கருத்த புள்ளியாகத் தெரியும். மற்ற வகைகளில், இருட்டறையில் உள்ளிருந்து டார்ச் அடித்தால் ஒளி கசியும் இடம் துளை. அங்கே யூரித்தேன் பசையைச் சிறு நாணய அளவுக்குத் தடவி ஒரு நாள் காயவிட்டால் அடைந்துவிடும். தையல் நெடுக நாடா பெயர்ந்திருந்தாலோ, உட்பூச்சு சருகாக உதிர்ந்தாலோ பசை பயன்படாது. அந்த உடையின் ஆயுள் முடிந்தது.